இணைப்பு ஒன்று

எங்கள் சபையில் யாரும் சத்தம் போட மாட்டோம். நாற்காலியை இழுக்க மாட்டோம், தூக்கி வைப்போம். கதவை அறைய மாட்டோம், கைப்பிடியை அழுத்திப் பிடித்து மெதுவாக மூடுவோம். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைப் பற்றி, "அவங்களா? இருக்கற இடமே தெரியாது" என்பார்கள். அதை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டு முப்பது வருடம் ஆகிறது.

அந்த அமைதியில் என் பங்கு கொஞ்சம் அதிகம். நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவள் நான். பகலில் பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துகிறேன். சாயங்காலம் சபைக்காக, நடந்ததைத் திருத்துகிறேன். முதல் வேலைக்குச் சம்பளம், இரண்டாவதற்குப் புண்ணியம். என் பதினாறு வருடக் குறிப்புகளில் 'சண்டை' என்ற சொல் ஒரு முறைகூட வந்ததில்லை. இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது கருத்துப் பரிமாற்றம். ஒருவர் மனைவியை அடித்தால் குடும்பத்தில் ஒரு சங்கடம். வயசுப் பிள்ளைகள் எங்களைத் தாங்க முடியாமல் ஓடிப்போனால் மேற்படிப்பு. இவை எதிலும் அடங்காதவற்றுக்கு ஒரு பொதுச் சொல் வைத்திருந்தேன்: வருத்தம். 'ஒரு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. குழு கனிவுடன் கேட்டது.'

"உங்க கையில இருக்கறது பேனா இல்லம்மா, பஞ்சு" என்பார் தலைவர். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. இப்படி ஒரு பாராட்டுக்கு ஏங்குகிறவளை என்ன சொல்லி அழைப்பது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அதற்கும் மெத்தென்று ஒரு சொல் வந்து நிற்கிறது. என் வியாதியே அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழுவின் முன் தையற்காரி வந்து நின்றாள். சபையின் பாட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளை உடை தைப்பவள். புருஷன் லாரியில் மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வெளியூர். சபைக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் கடைசி வீட்டு மாடியில் மகளோடு இருந்தாள். கழுத்தில் இஞ்சி டேப் தொங்கியபடியே வந்திருந்தாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

குழு என்றால் மூன்று பேர். கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் தலைவர். பல் டாக்டர். ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். நான்காவதாக மூலையில் நான், நோட்டும் பேனாவுமாக. என்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவள் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எட்டு வயது மகளைப் பாட்டு வாத்தியார் வகுப்பு முடிந்த பிறகு வாத்திய அறையில் நிறுத்திக்கொண்டது முதல் வாக்கியம். மற்ற மூன்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை அந்தக் குழந்தையுடையவை. இதில் பஞ்சு இல்லை, நம்பலாம்.

யாரும் சத்தம் போடவில்லை. டாக்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "தாளம் சொல்லிக் குடுக்கும்போது தெரியாம கை பட்டிருக்குமோ?"

"டாக்டர், நீங்க பல்லு புடுங்கும்போது உங்க கை எங்கெல்லாம் படும்?"

டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் குறுக்கிட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க டிவில எதையாவது பாத்துட்டு வந்து..."

"எங்க வீட்ல டிவி இல்லைங்க டீச்சர். சபைப் பிள்ளைங்களுக்கு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

தலைவர் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மாதிரி விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "தங்கச்சி, உன் புள்ளைக்கு நடந்தது என் புள்ளைக்கு நடந்த மாதிரி."

"அப்ப ஸ்டேஷனுக்குப் போவோமாண்ணா?"

மின்விசிறிச் சத்தம் கேட்டது. அதற்கு மட்டும் எங்கள் சபையின் ஒழுக்கம் தெரியாது.

"ஸ்டேஷன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? புள்ளைய அம்பது தடவ அதையே சொல்ல வைப்பாங்க. ஊர் சிரிக்கும். நாளைக்கு அதுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும்போது..."

"எட்டு வயசுண்ணா அவளுக்கு."

"வயசு அப்படியே நிக்குமா?" என்றார். பிறகு, பேச்சை மாற்றுகிறவர் போல, மிகவும் அன்பாக, "மாடி வீட்ல தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா? வேற எதாவது குறை இருக்கா?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மிரட்டல் என்று இதை யாராவது சொன்னால் நாங்கள் மூன்று பேரும், சரி, நாலு பேரும், புண்பட்டுப் போவோம். தண்ணீர் வருகிறதா என்றுதானே கேட்டார்?

முக்கால் மணி நேரத்தில் முடிவுகள் தயார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குழு அறையில் சமாதான அமர்வு: வாத்தியார் எதிரே உட்காருவார், குழந்தை 'மன்னித்துவிட்டேன்' என்று ஒரு தாளைப் படிக்கும், எல்லோரும் பிரார்த்திப்போம், விஷயம் கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிடும். வாத்தியாருக்கு இங்கே மனம் நொந்திருக்கும் என்பதால் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல், கையோடு ஒரு பரிந்துரைக் கடிதம். அவருடைய மனம் நொந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். குழந்தைக்குச் சாக்லேட் வாங்கலாம் என்று டாக்டர் சொன்னார். பல் டாக்டர் சொன்னதால் எல்லோரும் லேசாகச் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை இப்போது எழுதும்போது வாய் கசக்கிறது.

மன்னிப்புத் தாளும் பரிந்துரைக் கடிதமும் எழுத வேண்டியவள் நான்தான்.

தாளை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டு வயதுக்கு ஏற்ற சின்னச் சின்னச் சொற்கள், பெரிய எழுத்து. பாடப்புத்தக அனுபவம் கைகொடுத்தது. 'நான் உங்களை மனதார மன்னித்துவிட்டேன். என் மனதில் இப்போது எந்த வருத்தமும் இல்லை.' ஹெட்மிஸ்ட்ரஸ் படித்துவிட்டு, "புள்ளையே கைப்பட எழுதினா நல்லாருக்கும். நான் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சபை அலுவலக அறைக்குப் போனேன். ஒன்பது வருடம் முன்பு இதே வாத்தியார் வேறொரு கிளையிலிருந்து இப்படி ஒரு கடிதத்தோடுதான் வந்தார். அதைப் பார்த்து அந்த நடையிலேயே எழுதிவிடலாம் என்பது யோசனை. பார்த்து எழுதுவதில் ஒரு வசதி. பாவத்தில் பாதியை முதலில் எழுதியவர் தலையில் கட்டிவிடலாம்.

கோப்பு சுலபமாகக் கிடைத்தது. எங்களிடம் எதுவும் தொலையாது. கடிதம் அருமையாக இருந்தது. 'இனிய குரல். பொறுமைசாலி. குழந்தைகளை மகிழ்ச்சியாக வைத்திருப்பவர். உடல்நலம் கருதி இடமாற்றம் கோருகிறார்.' அடியில் அந்தக் கிளையின் குறிப்பாளர், ஒரு பெண், கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரே வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு மோப்பம் உண்டு. இவளும் பஞ்சுக்காரி என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

கடிதத்தின் மூலையில் என் கையெழுத்தில் ஒரு வரிசை எண் இருந்தது. தபால் நோட்டை எடுத்தேன். தபால் நோட்டு எங்கள் தலைவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. எப்போதோ ஒரு அழைப்பிதழ் காணாமல் போனதில் கோபம் வந்து, சபைக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் பதிவு செய்ய வேண்டும், யார் கைக்குப் போகிறதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்தார். நான் அதை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பதிந்திருக்கிறேன்.

அந்த எண்ணுக்கு நேரே இருந்தது: 'பாட்டு வாத்தியார் பரிந்துரை. கடிதம் 1. இணைப்பு 1.' 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் தலைவரின் கையெழுத்து, கொம்பும் சுழியுமாக.

கோப்பில் கடிதம் இருக்கிறது. இணைப்பு எங்கே?

தேட வேண்டியதே இல்லை. அந்த உறையைப் பிரித்தது நான். உள்ளே கடிதத்தோடு நாலாக மடித்து ஒட்டிய இன்னொரு தாள், மேலே 'தலைவர் பார்வைக்கு மட்டும்' என்று. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒட்டைப் பிரித்து நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது சொந்த விஷயம்மா" என்றார். பிறகு அவர் வைத்த சட்டப்படியே நோட்டை நீட்டினேன், அவரும் கையெழுத்துப் போட்டார். பழக்கம்! ஒரு காகிதத்தை ஒளிக்கிறவன் அதை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுவது எங்கள் சபையில் மட்டும்தான் நடக்கும்.

அவர் முகம் அப்போது மாறியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தேன். ஒன்பது வருடமும் அந்த முகத்தை எங்கே வைத்திருந்தேன் என்று அந்த அறையில் உட்கார்ந்து தேடினேன். என் கோப்புகளைவிட ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன்.

கடிதத்தாளில் போன் நம்பர் இருந்தது. அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

யார், எங்கிருந்து என்று சொன்னேன். "ஒரு பழைய கடிதம் விஷயமா..."

"பாட்டு வாத்தியாரா?" என்றார் அந்தப் பெண்.

நான் இன்னும் கேட்கவே இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்பது வருடமாக ஒருத்தி இந்தப் போனுக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"கடுதாசி எழுதச் சொன்னாங்க, எழுதினேம்மா. மனசு கேக்கல. மூணு புள்ளைங்க சொன்னத தனியா ஒரு பக்கம் எழுதி உள்ள வச்சேன். இங்க யாருக்கும் தெரியாது. உங்க தலைவர் படிச்சாருல்ல?"

"படிச்சார்."

"நீங்க எதுவும் கேக்கலையே, சரி, புரிஞ்சுக்கிட்டாங்க, ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நெனச்சேன். புள்ளைங்க பக்கம் விடலதானே அவர?"

அறைச் சுவரில் பாட்டு வகுப்பின் ஆண்டுவிழாப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒன்பது படங்கள். வெள்ளை உடையில் பிள்ளைகள், நடுவில் அவர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர் எழுதியது நான்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"அந்தத் தாளுக்கு நகல் இருக்கா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா? நம்ம பொழப்பே அதுதானே." பிறகு அவரே கேட்டார். "எத்தன புள்ளைங்க?"

"ஒண்ணுதான் தெரியும்" என்றேன். சொன்ன பிறகு அந்த 'தான்' என் காதிலேயே விழுந்தது.

பத்து நிமிடத்தில் போனுக்கு அந்தத் தாளின் படம் வந்தது. அதில் ஒரு இடத்தில்கூட வருத்தம் என்ற சொல் இல்லை. தேவைப்பட்டால் அவளுக்கும் பஞ்சில்லாமல் எழுத வந்திருக்கிறது.

நேரே ஸ்டேஷனுக்கு ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். வீட்டுக்குப் போய்த் துணி மடித்தேன். தலைவர் ஒருவேளை அப்போதே வாத்தியாரைக் கண்டித்திருப்பாரோ என்று அவருக்காக நானே ஒரு வக்கீலாகி வாதாடினேன். வெள்ளிக்கிழமை முழுக்க மூன்றாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் பிழை பார்த்தேன். 'நமக்கு உதவுவோர்' என்ற பாடம். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை காலை தையற்காரி வீட்டு மாடி ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டால், தாள் தயாரா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நிமிராமலே, "வாங்கக்கா. நாளைக்குத்தானே பத்து மணிக்கு? என்னத்துக்கு இன்னிக்கே?" என்றாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"எங்களையா, அந்தப் பேப்பரையா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் சொன்னத அன்னிக்கு எழுதிக்கிட்டே இருந்தீங்களே, என்னன்னு எழுதினீங்க?"

"ஒரு வருத்தம் தெரிவிக்கப்பட்டதுன்னு."

"வருத்தமா?" மிஷினை நிறுத்திவிட்டாள். "ஜாக்கெட் கை இறுக்கமா இருக்குன்னு வந்து சொல்றாங்க பாருங்க, அதுதாங்க்கா வருத்தம்."

ஜன்னலோரம் அந்தக் குழந்தை தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தது. எனக்கு எட்டு வயதுப் பிள்ளைகளோடு பேசத் தெரியாது. அவர்களுக்கான புத்தகங்களைத்தான் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கம் முழுக்க என் வாக்கியங்கள். நான் உங்களை மனதார மன்னித்துவிட்டேன். நான் உங்களை மனதார மன்னித்துவிட்டேன். கோடு தாண்டாத, குண்டு குண்டான எழுத்து.

"பெரியம்மா, எத்தன தடவ எழுதணும்?"

"ஒரு தடவ போதுமே, கண்ணு. யாரு இத்தன தடவ எழுதச் சொன்னாங்க?"

"டீச்சர் எழுதுன்னாங்க. எத்தனைன்னு சொல்லல. ஸ்கூல்ல பேசுனா பத்து, வீட்டுப்பாடம் எழுதலேன்னா இருபது." பென்சிலைக் கடித்தது. "இதுக்கு எவ்ளோன்னு தெரில. அதான் அம்பது எழுதிட்டிருக்கேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. தண்டனைக்கு எழுதுகிறது. தப்புச் செய்தால் பள்ளிக்கூடத்தில் எழுத வைப்பார்களே, அப்படி. செய்த தப்பு எவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லாததால், தானே கணக்குப் போட்டு, தனக்கு ஐம்பது விதித்துக்கொண்டிருக்கிறது.

மிஷின் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

நான் கைப்பையைத் திறந்து போனில் அந்தப் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். படித்தாள். தேதியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கடிதத்துக்கு வயது ஒன்பது, மகளுக்கு எட்டு.

"இவ பொறக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தலைவருக்குத் தெரியும். எனக்கு..." இந்த இடத்தில் என்னிடம் நாலைந்து சொற்கள் தயாராக இருந்தன. "நான் கேக்கல."

தலைவர் அதை வாங்கிக்கொண்டதற்குத் தபால் நோட்டில் கையெழுத்து இருப்பதையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். இஞ்சி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி மிஷின் மேல் வைத்தாள். "அந்த நோட்டு எங்க?"

சபை அறைச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. நோட்டை எடுத்துக்கொண்டு நான் கதவைப் பூட்டும்போது போன் வந்தது. தலைவர். எதிர் வரிசைக் கடையிலிருந்து பார்த்திருப்பார். பார்வை கூர்மை.

"என்னம்மா, சனிக்கிழமையும் வேலையா?"

"ஆமாங்கண்ணா. ஒரு பழைய தபால்."

"நோட்டு ரூம்லயே இருக்கட்டும்மா. அது சபைச் சொத்து."

"ரெண்டு கையெழுத்து இருக்குண்ணா அதுல. ஒண்ணு என்னோடது."

அவர் குரல் குழைந்தது. "நீங்க நிதானமானவங்க. பதினாறு வருஷம்..."

"ஆமாண்ணா, பதினாறு வருஷம்" என்று வைத்துவிட்டேன். கதவைப் பூட்டியபோது சத்தம் கேட்டது.

நாங்கள் மூன்று பேரும் போன ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். குழந்தையை வேறொரு அறைக்கு, அதற்கென்று வந்த ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அது ஒரு தடவைதான் சொன்னது, ஐம்பது தடவை இல்லை. அதிகாரி தபால் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகையெல்லாம் பதிஞ்சிருக்கீங்க!"

"ஆமாங்க."

"இது என்ன இணைப்புன்னு தெரியாமலே பதிஞ்சீங்களா?"

"தெரியாம இல்லங்க. தெரிஞ்சுக்காம."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வெள்ளைத்தாளை நகர்த்தினார். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. மூன்று தாள் கிழித்தேன். எப்படித் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் பஞ்சு வந்து ஒட்டிக்கொண்டது. நான்காவது தாளில் அந்தக் குழந்தை எப்படிப் பேசியதோ அப்படி எழுதினேன். சின்னச் சின்னச் சொற்கள். என் பெயர் வர வேண்டிய இடங்களில் என் பெயரை எழுதினேன்.

அன்று சாயங்காலம் பாட்டு வாத்தியாரைப் பிடித்தார்கள். தலைவரைக் கூப்பிட்டு அந்தத் தாளைப் பற்றிக் கேட்டார்கள். நினைவில்லை என்று அவர் சொன்னதாகவும், கையெழுத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததாகவும் கேள்வி. அடுத்த வாரம் எனக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது. 'தங்களால் சபைக்கு நேர்ந்த வருத்தத்தை முன்னிட்டு' என்னைப் பொறுப்பிலிருந்து கனிவுடன் விடுவித்திருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்து. ஏழு பிழைகள். கை பரபரத்தது, திருத்தவில்லை. தையற்காரியின் வீட்டுத் தண்ணீர் குழாய் ரிப்பேர் என்று இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் மறுபடி அந்த அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்ததும் குழாய் தானாகச் சரியாகிவிட்டது. கடவுள் இருக்கிறார்.

ஆனால் ஸ்டேஷனில் கடைசியாக நடந்ததை இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போது, குழந்தை கையோடு எடுத்து வந்திருந்த, மன்னிப்பு எழுதிய நோட்டை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த குழந்தை என் புடவையை இழுத்தது.

"பெரியம்மா, நோட்ட வாங்கிட்டாங்க. முப்பத்தி ஏழுதான் எழுதியிருக்கேன்."

"மீதிய நீ எழுத வேணாம்டா. அது உன் தப்பே இல்ல. அந்த ஆள் பண்ண தப்பு, எங்க தப்பு."

அது அம்மாவைப் பார்த்தது. அவள் தலையசைத்தாள். ஆனாலும் அதற்குச் சமாதானமாகவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கணக்கு நேராக வேண்டும்.

"அப்ப மீதி பதிமூணு யாரு எழுதறது?"

"நான் எழுதறேன்" என்றேன்.